அரக்குப் புடவையும் வெள்ளை ஓரமும்

அத்தியாயம் 11

வினோதினி பிள்ளை பெற்ற கதை தெருவுக்கே தெரியும். எட்டு வருஷம் கோயில், டாக்டர் என்று அலைந்து, போளூரில் புகுந்த வீட்டார் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, கடைசியில் திருவண்ணாமலையில் அண்ணன் தசரதன் வீட்டில் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றெடுத்தாள். தாய் தகப்பன் இல்லாத பெண். பத்தியச் சோறு ஆக்கிப் போட்டதிலிருந்து பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டியது வரை எல்லாம் அண்ணி உண்ணாமலைதான். இன்று சாயங்காலம் மாமியார் ஜோதியம்மாள் காரில் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போகப் போகிறாள்.

அதற்குள் போர்வைக்கு ஓரம் போட்டு முடிக்க வேண்டும்.

தசரதன் செங்கம் சாலையில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கடை வைத்திருக்கிறான். ருத்திராட்சம், ஊதுபத்தி, தாமிரச் செம்பு எல்லாக் கடையிலும் உண்டு. போர்வை மட்டும் அவன் கடையில்தான். அம்மனுக்குச் சாத்திய புடவைகளை ஏலத்தில் எடுத்து, சதுரம் சதுரமாக வெட்டி, இரண்டு அடுக்காகத் தைத்த போர்வை என்று அவன் சொல்லுவான். அதைக் கேட்டதும் வெள்ளைக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போர்வையைக் கையில் வாங்குவார்கள்.

கண்ணாயிரம் என்ற பழைய துணி வியாபாரி புடவைகளைக் கொண்டுவருவான். கடைத்தெருவில் ஒரு டெய்லர் தைத்துக் கொடுப்பார். கடைசியில் அது உண்ணாமலையிடம் வரும். சுற்றிலும் வெள்ளை நூலில் குரோஷா ஓரம் போடுவது அவள் வேலை. மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சரிடம் கற்றது. அந்த ஓரத்துக்காகவே போர்வை விற்கிறது என்று தசரதன் ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கனம் வந்துவிடுமாம்.

"அண்ணி, இதுக்கு ரெண்டு வரிசையா போடுங்க. பாக்கறவங்க கண்ணு பிதுங்கணும்," என்றாள் வினோதினி, காலையில்.

"உன் புள்ளைக்குப் போடாம யாருக்குப் போடப் போறேன்?" என்றாள் உண்ணாமலை.

வினோதினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

துணியின் விளிம்பில் கொக்கி ஊசி நேராக இறங்காது. முதலில் சாதாரண ஊசியால் சுற்றிலும் நூலில் கண்ணி போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கண்ணிக்குள் கொக்கியை விட்டு, நூலை இழுத்து, சங்கிலியாகவும் கிளிஞ்சலாகவும் பின்னிக்கொண்டே போக வேண்டும். மூலையில் நாலு பின்னல் கூடப் போடாவிட்டால் ஓரம் சுருண்டு நிற்கும். மூன்று பக்கம் முடித்து நாலாவது பக்கத்துக்கு அவள் திரும்பியபோது வெயில் வாசலைத் தாண்டியிருந்தது.

அந்த மூலையில் இருந்தது ஓர் அரக்குச் சதுரம்.

அதன் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் இழை குறுக்கே ஓடியிருந்தது. தறியில் நெய்யும்போது நூல் மாறிப்போன குறை. உண்ணாமலை கொக்கியைக் கீழே வைத்தாள். அந்தக் குறை அவளுக்குத் தெரியும். கடைக்காரன் விரித்துக் காட்டி, "இதுல ஒரு டேமேஜ் கீதும்மா, வேற எடுத்துக்கோ," என்று சொன்ன புடவை. "பரவால்ல, எங்கம்மாவுக்கு அரக்குன்னா உசுரு," என்று இவள் அழுதுகொண்டே வாங்கிய புடவை. வாங்கி, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போய், கூடத்தில் வடக்கே தலை வைத்துக் கிடந்த அம்மா பச்சையம்மாளின் மேல் தன் கையால் போர்த்திய கோடிப் புடவை.

ஒரே மாதிரி குறை இரண்டு புடவையில் இருக்கக்கூடாதா என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்.

அரக்குக்குப் பக்கத்தில் மயில் கழுத்து நீலம். அது சித்தி கொண்டுவந்தது. அதற்குக் கீழே அரிசி அரிசியாகப் புள்ளி வைத்த பச்சை, தம்பி பெண்டாட்டி போட்டது. அப்புறம் ரோஸில் மாங்காய்க் கரை, பக்கத்து வீட்டு ராணியம்மாள் போட்டது. செத்த வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பார்ப்பதற்கு அம்மாவையும் அந்தப் புடவைகளையும் தவிர வேறு எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் கண்ணுக்குள் அப்படியே இருந்தது.

மஞ்சள் குங்குமத்தோடு போன மகராசி என்று ஊரே புடவை போட்டது. எல்லாவற்றையும் போர்த்தித்தான் பாடை தெருமுனை திரும்பியது. அங்கேயே பெண்களை நிறுத்திவிட்டார்கள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போகிற வழக்கம் கிடையாது. அம்மாவோடு அந்தப் புடவைகளும் எரிந்துபோயின என்றுதான் இந்த ஐந்து மாதமும் உண்ணாமலை நினைத்துக்கொண்டிருந்தாள்.

சுடுகாட்டுக்குப் போனவன் தசரதன். மருமகன் என்ற முறைக்குத் தோள் கொடுத்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதவன்.

உண்ணாமலை கொல்லைப்பக்கம் ஓடி வாந்தி எடுத்தாள். செத்த அம்மாவை மடியில் சாய்த்துக் குளிப்பாட்டியவள் அவள். பிணமும் பிணத்தின் மேல் கிடந்த துணியும் அவளுக்கு அருவருப்பு இல்லை. மூன்று வேளையும் தன் கையால் சோறு வாங்கித் தின்றுகொண்டு, தன் கையிலேயே அந்தத் துணியைக் கொடுத்து, "பூ மாதிரி ஓரம் போடு," என்றானே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

போர்வையைப் பெட்டியில் வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

கடையில் கூட்டமில்லை. நூல் புடவை கட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மாள் மட்டும் ஒரு போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எதிரே தசரதன் நெற்றி நிறைய விபூதியும் கைகூப்புமாக நின்றான்.

"காடஸ் ஸாரி மேடம். டெம்பிள். ஃபுல் பிளெஸ்ஸிங்," என்று சொல்லிக்கொண்டிருந்தவன் மனைவியைப் பார்த்ததும் பிரகாசமானான். "மை வொய்ஃப் மேடம். திஸ் லேஸ், ஷி மேக்கிங்."

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. உண்ணாமலையின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது உண்ணாமலைக்கு. இழுக்கவில்லை. உண்மையைச் சொல்லத் தெரிந்த அளவுக்கு இங்கிலீஷும் இல்லை, துணிச்சலும் இல்லை. அந்த அம்மாள் போர்வையை வாங்கிக்கொண்டு, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

"இன்னா, கடைக்கு வந்துட்ட? வேலை முடிஞ்சுதா?" என்றான் தசரதன்.

"இந்தப் புடவைங்க எங்கேந்து வருது?"

"கோயில் ஏலம். தெரியாத மாதிரி கேக்கற?"

"எங்கம்மாவுக்கு நான் போட்ட கோடி எந்தக் கோயில்ல ஏலம் வந்துச்சு?"

தசரதன் சாலையை எட்டிப் பார்த்தான். யாருமில்லை. முகத்தில் வெட்கமோ பயமோ இருக்கும் என்று உண்ணாமலை எதிர்பார்த்தாள். இருந்தது எரிச்சல்.

"அந்தக் கண்ணாயிரம் பண்ண வேல! அத்தையோட மூட்டைய தனியா வைடான்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். கலந்துட்டான் பாரு, அறிவு கெட்டவன்."

அவ்வளவுதான் அவனுக்கு வருத்தம். மூட்டை கலந்துபோனதுதான்.

"அப்போ மத்ததெல்லாம்?"

"மத்ததும் அப்படித்தான். எந்த ஊர்ல சாவு விழுந்தாலும் சுடுகாட்டுல எடுத்துத்தான் போடறாங்க. மேல போடறத எல்லாம் எரிப்பாங்களா? எரிச்சா சாம்பல், தொவச்சா துணி. டெட்டால்ல ஊறப் போட்டு, வெந்நீர்ல அலசித்தான் டெய்லர்கிட்ட போவுது. உங்கம்மா கட்டிக்கப் போறாங்களா இனிமே?"

"சீ," என்றாள் உண்ணாமலை.

"இன்னா சீ? இந்த ஒரு வருஷமா நல்ல சோறு தின்னல நீ? வினோதினியோட ஆஸ்பத்திரிச் செலவு எங்கேந்து வந்துச்சு? சும்மா மூஞ்ச தூக்கி வச்சிக்கினு இருக்காத. சம்மந்தி வர்ற நேரம். போயி ஓரத்த முடி."

"அந்தப் போர்வைல உன் தங்கச்சி புள்ள படுக்கப் போவுது. அது தெரியுதா உனக்கு?"

பதினெட்டு வருஷத்தில் அவள் அவனை ஒருமையில் பேசியது அதுவே முதல் தடவை. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு நொடி யோசித்தான். பிறகு தோளைக் குலுக்கினான்.

"கொழந்தைக்கு இன்னா தெரியும்?" என்றான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உண்ணாமலை தன் கைகளை மடியில் வைக்காமல் தள்ளியே பிடித்துக்கொண்டு வந்தாள். எத்தனை போர்வைக்கு ஓரம் போட்டிருப்பாள்! நூலை வாயால் ஈரம் பண்ணித்தான் ஊசியில் கோத்திருக்கிறாள். எத்தனையோ வீட்டில் யாரோ அழுதுகொண்டே வாங்கிய புடவைகளை மடியில் போட்டுக்கொண்டு, ரேடியோவில் பாட்டுக் கேட்டபடி பின்னியிருக்கிறாள். ஏலத்தில் தினம் தினம் அத்தனை புடவை எப்படி வரும் என்று ஒருநாளாவது கேட்டிருக்கலாமே. கேட்கவில்லை. வந்த பணம் அவளுக்கும்தான் இனித்திருக்கிறது. அவன் மேல் வந்த அருவருப்பில் பாதி அவள் மேலேயே திரும்பியது.

இப்போது வினோதினியிடம் சொல்லியாக வேண்டும். உண்ணாமலை இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவள் இரட்டைப் பின்னல் போட்ட பள்ளிக்கூடத்துப் பெண். பேன் வாரி, தலை பின்னி, வயசுக்கு வந்தபோது தண்ணீர் ஊற்றி, கல்யாணத்தில் கன்னத்தில் மை வைத்து அனுப்பியவள் இந்த அண்ணிதான். இப்படி ஒரு செய்தியைக் கேட்டால் பச்சை உடம்புக்காரி தாங்குவாளா என்பதுதான் அவள் கவலை.

வினோதினி அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை ஒரு பழைய வேட்டித் துண்டில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது.

"வினோ, அந்தப் போர்வைய புள்ளைக்கு வேணாம்மா," என்றாள் உண்ணாமலை.

"தெரியும் அண்ணி. அத எம்புள்ளைக்குப் போட மாட்டேன்," என்றாள் வினோதினி, மடிப்பதை நிறுத்தாமல்.

உண்ணாமலைக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் ஒன்று உறைத்தது. இந்த மூன்று மாதத்தில் வினோதினி ஒருநாள்கூடக் குழந்தையை அந்தப் போர்வைகளின் பக்கத்தில் விட்டதில்லை. விற்பனைக்குள்ள சாமான் ஈரமாகிவிடுமே என்று பார்க்கிறாள் போலும், என்ன பொறுப்பான பெண் என்று உண்ணாமலை பூரித்துப்போயிருக்கிறாள்.

"இன்னா தெரியும் உனக்கு?"

"குளிச்சிக்கினு இருந்தேன். கண்ணாயிரமும் அண்ணனும் கொல்லையில பேசிக்கினு இருந்தாங்க. எந்த ஊர்ல யாரு செத்தாங்க, எத்தன புடவ தேறும்னு. கேட்டுட்டேன்."

"எப்போ?"

"ரெண்டு மாசம் ஆவுது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க ஓரம் போடுவீங்களா?" என்றாள் வினோதினி. "எனக்கு இந்த ஒண்ணு வேணும் அண்ணி. மதிவதனிக்கு."

மதிவதனி வினோதினியின் நாத்தனார். அவளுக்கு இது மூன்றாவது பிரசவம். போன மாதம்தான் பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

"அவளோட ரெண்டாவது வளகாப்புல நான் வளையல் போடப் போனேன். நூறு பேர் பாக்க கைய இழுத்துக்கினா. மலடி கை படக்கூடாதாம். எட்டு வருஷம் அந்த வூட்ல என்னை நடத்துன மாதிரி பொணத்தக்கூட நடத்த மாட்டாங்க. அவ புள்ள இதுல படுக்கட்டும். நல்லா அழகா, ரெண்டு வரிசை ஓரத்தோட." வினோதினி சிரித்தாள். "அம்மன் போர்வைன்னு அத்தகிட்ட போன்லயே சொல்லிட்டேன். வாயெல்லாம் பல்லு அவங்களுக்கு."

உண்ணாமலை அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பால் கட்டி நனைந்த ஜாக்கெட்டோடு, கண்ணில் மை தீட்டி, பச்சைப் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் பேசிய பேச்சு அது. இன்னொரு பச்சைப் பிள்ளையைப் பற்றி.

"அதுல எங்கம்மாவுக்கு நான் போட்ட புடவை இருக்கு, வினோ."

வினோதினியின் கை நின்றது. "ஐயோ, அது தெரியாது அண்ணி. யாரோன்னு நெனச்சேன்."

"யாரோன்னா பரவால்லயா?"

வினோதினி பதில் சொல்வதற்குள் வாசலில் கார் ஹாரன் அடித்தது. ஜோதியம்மாள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள்.

அதற்கப்புறம் வீடு நிறைந்துவிட்டது. ஜோதியம்மாளும் வினோதினியின் புருஷன் சுரேஷ்குமாரும் வந்து உட்கார்ந்தார்கள். ஜிலேபிப் பொட்டலத்தோடு தசரதனும் வந்து சேர்ந்து, வாய் ஓயாமல் உபசாரம் செய்தான். ஜோதியம்மாள் பேரனை வாரி எடுத்து, இங்கே முத்தமிட்டு அங்கே முத்தமிட்டு, ஆலத்தி சுற்றச் சொல்லி, எல்லாம் முடிந்ததும் கேட்டாள்.

"எங்கடி அந்தப் போர்வை? மதி காத்துக்கினு இருக்கா. அம்மனே வூட்டுக்கு வர்ற மாதிரின்னு சொல்லிக்கினு இருக்கா."

வினோதினி பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நாலாவது பக்கம் பாதியில் நின்றிருந்தது. நூல் கண்டும் கொக்கியும் அதிலேயே தொங்கின. ஜோதியம்மாள் அதை விரித்தாள். கூடம் முழுதும் நிறமாக விரிந்தது. அரக்கு, மயில் கழுத்து நீலம், அரிசிப் புள்ளி வைத்த பச்சை. ஜோதியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு அதை முகத்தில் ஒற்றிக்கொண்டாள்.

உண்ணாமலை கையை நீட்டினாள்.

"அத குடுங்க சம்மந்தியம்மா," என்றாள்.

"மீதிய நான் பாத்துக்கறேம்மா. எங்க தெருவுல குரோஷா தெரிஞ்ச பொண்ணு கீது."

"அது அம்மன் புடவை இல்ல. எங்கம்மா செத்தப்போ நாங்க மேல போட்ட கோடி. சுடுகாட்டுலேந்து எடுத்து வந்து தச்சது."

ஜோதியம்மாளின் கையிலிருந்து போர்வை நழுவித் தரையில் விழுந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

முதலில் சுதாரித்தவன் தசரதன்தான். இதில் அவனை யாரும் மிஞ்ச முடியாது. "தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தி. அவங்கம்மா போனதுலேந்து இவளுக்கு மனசு சரியில்ல. எந்தப் புடவையப் பாத்தாலும் இதே பேச்சுதான். டாக்டர்கிட்டகூட காட்டிக்கினு இருக்கோம்."

இத்தனை சரளமாக, இத்தனை வருத்தமான முகத்தோடு ஒருவனால் புளுக முடியுமா! மாமியார் சாவில் அழுததும் இதே முகம்தான் என்று உண்ணாமலைக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் குனிந்து போர்வையை எடுத்தாள். கொக்கியை உருவிவிட்டு, தொங்கிய நூலைப் பிடித்து இழுத்தாள். குரோஷா ஓரத்துக்கு முடிச்சுப் போடாதவரை பிடிமானம் கிடையாது. கிளிஞ்சல் கிளிஞ்சலாக அது கழன்றுகொண்டே வந்து அவள் காலடியில் சுருண்டது.

"பைத்தியமா நானு? அரக்குல ஒரு மஞ்ச இழை ஓடும். இதோ பாருங்க. கடைக்காரன் சொல்லியும் நான்தான் வாங்கினேன். எங்கூருக்கு ஆள் அனுப்பி எங்க சித்திய கேளுங்க, ராணியம்மாள கேளுங்க. அவங்கவங்க போட்ட புடவ அவங்கவங்களுக்குத் தெரியும்."

சுரேஷ்குமார் எழுந்து நின்றான். தசரதன் ஜிலேபித் தட்டை நகர்த்தி வைத்தான். ஜோதியம்மாள் இருவரையும் பார்க்கவில்லை. அவள் பார்வை மெல்ல மருமகளிடம் போய் நின்றது.

"இத மதிக்குக் குடுக்கணும்னு சொன்னது நீதான வினோதினி? நானா கேக்கல. போன்ல நீயா சொன்ன. ஒம்புள்ளைக்கு வேணாம்னும் சொன்ன." குரல் உயரவே இல்லை. "உனக்கு இது தெரியுமா?"

வினோதினி வெளுத்துப்போனாள். ஒரே ஒரு தடவை அண்ணியைப் பார்த்தாள். பேன் வாரிய நாளில், அடிக்காதீங்க அண்ணி என்று பார்ப்பாளே, அதே பார்வை. பிறகு மாமியாரின் மடியில் கிடந்த குழந்தையின் தலையில் கையை வைத்தாள்.

"எம்புள்ள மேல சத்தியமா எனக்குத் தெரியாது அத்தே."

எட்டு வருஷம் தவம் கிடந்து பெற்ற பிள்ளை. உண்ணாமலைக்கு, எடு, கையை எடு என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் சத்தியம் பொய் என்று ஆகிவிடும், வினோதினியின் வாழ்க்கை இந்தக் கூடத்திலேயே முடிந்துவிடும்.

ஜோதியம்மாள் உண்ணாமலையின் பக்கம் திரும்பினாள்.

"நீ நிஜம் பேசறவளா தெரியற. நீ சொல்லும்மா. இவளுக்குத் தெரியுமா, தெரியாதா?"

குழந்தை தூக்கத்தில் சிரித்தது. வினோதினி அதன் தலையிலிருந்து கையை இன்னும் எடுக்கவில்லை.